உலக அரசியல் யாருடைய பாடம்?



பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாம் நடத்திவரும் இரவு வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் “சர்வதேச உறவுகள்” என்று எழுதினோம். எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “ஏனுங்க தோழர், போனஸ் பேச்சே இன்னும் முடியலீங்க. ஆளுக்கு எத்தனை சைடு ஓட்டறதுங்கற தகராறும் தீரலீங்க. இதுல உலகத்தைப் பத்தி நமக்கு என்னத்துக்குங்க?”

கேட்டவர் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு நேரே வகுப்புக்கு வந்தவர். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்டதில் தவறில்லை. நாம் அன்று சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

இதே சொல்லை இன்னொரு வாயிலிருந்தும் நாம் கேட்கிறோம். அது களைத்த வாய் அல்ல. நன்றாக உண்ட வாய். “வெளிநாட்டு விவகாரம் நிபுணர்களின் காரியம். அதில் கட்சி கூடாது. தெருவில் கோஷம் கூடாது. அங்கே தேச நலன் ஒன்றுதான் உண்டு” என்று கனவான்கள் மேடைதோறும் உபதேசம் செய்கிறார்கள். ஆலைத் தொழிலாளி களைப்பினால் சொல்வதைக் கனவான் கணக்குப் போட்டுச் சொல்கிறார். முன்னவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பின்னவருக்குப் பதில் கொடுக்க வேண்டும்.

பாடம் பிறந்த கதை

ஒரு சர்க்காருக்கும் இன்னொரு சர்க்காருக்கும் இடையே நடக்கும் யுத்தம், சமாதானம், உடன்படிக்கை, வியாபாரம், கடன், எல்லைத் தகராறு, இவற்றின் காரண காரியங்களை ஆராய்வதுதான் சர்வதேச உறவுகள் என்ற பாடம். பல்கலைக்கழகங்களில் பட்டம் கொடுக்கிறார்கள். தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் புத்தகங்களைத் திறந்தால், இந்தப் பாடம் 1919-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊரில் பிறந்தது என்று எழுதியிருக்கும். முதல் உலக யுத்தத்தில் ஒரு கோடிக்கும் மேலானவர்கள் மாண்டபின், இனி இப்படி நேரக் கூடாது, யுத்தம் ஏன் வருகிறது என்று ஆராய வேண்டும் என்று அங்கே ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பணம் கொடுத்தவர் யார்? டேவிட் டேவிஸ் என்ற பிரபுவும் அவருடைய சகோதரிகளும். 20,000 பவுன் கொடுத்தார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்களுடைய பாட்டனார் தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டிச் சேர்த்த செல்வத்திலிருந்து வந்தது. நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். அதில் நமக்குச் சந்தேகமில்லை. டேவிட் டேவிஸ் அந்த யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். சகோதரிகள் இருவரும் பிரான்சில் சிப்பாய்களுக்கு உணவு விடுதி நடத்தியவர்கள். ஆனால் பூமிக்கு அடியில் இருட்டில் கரி வெட்டியவனின் உழைப்பில் உண்டான பாடத்தை அவனுக்குப் புரியாத விஷயம் என்று சொன்னால் நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அபெரிஸ்ட்வித்துக்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே, 1864 செப்டம்பர் 28-ல், லண்டனில் ஒரு மண்டபத்தில் பல தேசத்துத் தொழிலாளர்கள் கூடினார்கள். முதலாவது அகிலம் என்று நாம் அழைக்கும் சர்வதேசத் தொழிலாளர் சங்கம் அங்கே பிறந்தது. அதற்காக மார்க்ஸ் எழுதிய தொடக்க உரையின் கடைசிப் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? கூலியைப் பற்றி அல்ல. சர்வதேச அரசியலின் சூட்சுமங்களைத் தொழிலாளர்கள் கற்றுத் தேற வேண்டும், தங்கள் தங்கள் சர்க்கார் வெளிநாட்டில் செய்யும் காரியங்களைக் கண்காணிக்க வேண்டும், இது அவர்கள் கடமை என்பதைப் பற்றியது. சும்மா வந்த வார்த்தை அல்ல இது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம். முதலில் புத்தகத்தின் முதல் பாடத்தைப் பார்த்துவிடுவோம்.

இரண்டு ஊரும் ஒரு வாய்க்காலும்

புத்தகம் இப்படித் தொடங்குகிறது. ஒரு நாட்டுக்குள்ளே சர்க்கார் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒன்றும் கிடையாது. அடித்தவனைப் பிடிக்க ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவன் ஆயுதம் வாங்கினால் பக்கத்திலிருப்பவனும் வாங்குகிறான். ஒருவன் மிகவும் பெருத்துவிட்டால் மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து அவனைத் தடுக்கிறார்கள். இதற்குப் பலச் சமநிலை என்று பெயர். ஹான்ஸ் மார்கெந்தா என்பவர் 1948-ல் அமெரிக்காவில் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தைப் பரப்பியது. யதார்த்தவாதிகள் என்று இவர்களுக்குப் பெயர். நியாயம், தர்மம் என்று பேசிக்கொண்டிராமல், யாரிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார் என்பார்கள்.

இது முழுப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதரான மார்கெந்தா, 1965-ல் வியட்நாம் யுத்தத்தை அமெரிக்க சர்க்காரின் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசியவர். அவரைக் கைக்கூலி என்று தள்ளிவிடுவது நமக்கு அழகல்ல. நமது கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு வாய்க்காலை வைத்துப் பார்ப்போம். அந்தக் காலத்து மிராசு கிராமங்கள் இரண்டு. மேலூர்க்காரர்கள் மடையை அடைத்துவிட்டார்கள். கீழூருக்குத் தண்ணீர் இல்லை. தாசில்தார் வரமாட்டார், போலீசும் இல்லை. இரண்டு ஊரும் கம்பெடுத்துக்கொண்டு நிற்கின்றன. யதார்த்தவாதி வந்து பார்க்கிறார். “மேல் அதிகாரி இல்லை, ஆகவே சண்டை” என்று எழுதிக்கொள்கிறார். எழுதியது சரிதான். ஆனால் கம்பெடுத்து முன்னால் நிற்பவன் யார்? குழி நிலமும் இல்லாத பண்ணையாள். தண்ணீர் பாயப் போவது யார் வயலில்? மிராசுதார் வயலில். மண்டை உடைவது ஒருவனுக்கு, மகசூல் இன்னொருவனுக்கு. இதைக் கேட்காமல் “கீழூர் கோபம் கொண்டது”, “மேலூர் அஞ்சியது” என்று எழுதினால் அது பாதிக் கணக்கு.

புத்தகத்திலும் பத்திரிகையிலும் “பிரிட்டன் கவலை கொண்டது”, “அமெரிக்கா விரும்புகிறது”, “இந்தியா உறுதியாக நிற்கிறது” என்று படிக்கிறோம் அல்லவா? ஒரு நாட்டை ஒரே ஆளாக்கி, அவனுக்கு ஒரு மனம், ஒரு வயிறு என்று கற்பித்துவிடுகிறார்கள். தேச நலன் என்ற சொல் அந்த ஒற்றை வயிற்றின் பெயர். அந்த வயிற்றுக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுதான் நம் பாடத்தின் தொடக்கம்.

மான்செஸ்டர் தொழிலாளர்கள்

இப்போது கதைக்கு வருவோம். பஞ்சின் கதை. நம் தோழர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தெற்கே பருத்தித் தோட்ட முதலாளிகள். அவர்களுடைய காடுகளில் நீக்ரோ அடிமைகள். வடக்கே லிங்கனின் சர்க்கார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அந்த அடிமைகள் எடுத்த பஞ்சு. பஞ்சு இல்லாவிட்டால் இங்கிலாந்து பட்டினி கிடந்து நம் பக்கம் வந்து சேரும் என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். தொடக்கத்தில் தாங்களே பஞ்சு ஏற்றுமதியை நிறுத்தி வைத்தார்கள். பிறகு வடக்கின் போர்க்கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட்டன. பஞ்சு நின்றது.

லங்காஷயரில் ஆலை ஆலையாக மூடினார்கள். முதலில் மூன்று நாள் வேலை, பிறகு இரண்டு நாள் வேலை, பிறகு கேட்டில் பூட்டு. 1862 கடைசியில் சுமார் ஐந்து லட்சம் பேர் தர்மக் கஞ்சியிலும் நிவாரணக் காசிலும் உயிர் வாழ்ந்தார்கள். படுக்கையை விற்றார்கள், போர்வையை அடகு வைத்தார்கள். ஓடிய சில ஆலைகளில் நம் இந்தியப் பஞ்சைப் போட்டார்கள். சூரத் பஞ்சு என்று அதற்குப் பெயர். குட்டை இழை, தூசி வேறு. நூல் அறுந்துகொண்டே இருக்கும். உருப்படிக் கூலிக்காரன் நாள் முழுதும் நின்றாலும் பழைய கூலியில் பாதி தேறாது. நூல் அறுபட்டால் என்ன கஷ்டம் என்று ரிங் பிரேம் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே நேரத்தில், யுத்தத்துக்கு முன் பஞ்சை வாங்கிக் கிடங்கில் அடைத்து வைத்திருந்த லிவர்பூல் வியாபாரிகள், விலை ஏற ஏறப் பெட்டியை நிரப்பிக்கொண்டார்கள்.

இப்போது தேச நலன் நிபுணரைக் கூப்பிடுங்கள். பிரிட்டனின் நலன் என்ன? முற்றுகையை உடைத்தால் பஞ்சு வரும். அமெரிக்கா இரண்டாக உடைந்தால் போட்டியாளன் பலம் குறையும். பலச் சமநிலைக் கணக்குப்படி தெற்கை ஆதரிக்க வேண்டியதுதான். லண்டன் மந்திரிகளில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். நிதி மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன் 1862 அக்டோபரில் நியூகாசில் நகரில், தெற்கின் தலைவர்கள் ஒரு தேசத்தையே உண்டாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். இவருடைய தகப்பனார் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைத் தோட்டம் வைத்திருந்தவர் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ஆலைத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? 1862 டிசம்பர் 31-ம் நாள் மான்செஸ்டர் நகரில் தடையற்ற வர்த்தக மண்டபத்தில் கூடினார்கள். மறுநாள் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் அமுலுக்கு வர இருந்தது. வயிற்றில் ஈரத்துணியோடு வந்த மக்கள், அடிமைத்தனத்தை ஒழித்துக் கட்டு, நாங்கள் உன் பக்கம் என்று லிங்கனுக்குக் கடிதம் அனுப்பத் தீர்மானித்தார்கள். 1863 ஜனவரி 19-ல் லிங்கன் பதில் எழுதினார். பிப்ரவரியில் ஜார்ஜ் கிரிஸ்வால்ட் என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து நிவாரண உணவோடு லிவர்பூல் வந்து சேர்ந்தது. இன்றும் மான்செஸ்டரில் லிங்கனுக்குச் சிலை இருக்கிறது. அதன் பீடத்தில் அந்தப் பதிலிலிருந்து சில வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

எல்லாத் தொழிலாளர்களும் இப்படி நின்றார்கள் என்று நாம் பொய் சொல்ல வேண்டாம். சில ஆலை நகரங்களில், அடிமையாவது கிடிமையாவது, முற்றுகையை உடை, பஞ்சைக் கொண்டு வா என்ற குரலும் பலமாக இருந்தது. பசி அப்படிப்பட்டது. ஆனாலும் பிரிட்டிஷ் சர்க்கார் கடைசிவரை தெற்குக்காக யுத்தத்தில் இறங்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. வடக்கின் கோதுமை தேவைப்பட்டது. யுத்தச் செலவு பயமுறுத்தியது. வடக்கு போர்க்களத்தில் பிடி கொடுக்கவில்லை. அந்தக் காரணங்களின் வரிசையில் தொழிலாளர் கூட்டங்களுக்கும் இடம் உண்டு. மார்க்ஸ் அந்த உரையில் அதை முன்வரிசையில் வைத்தார். ஓட்டுரிமைகூட இல்லாத ஜனங்கள் அவர்களில் பெரும்பாலோர்! எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சர்வதேச உறவுகளைக் கற்றுக்கொடுக்கவில்லை.

பஞ்சிலிருந்து கால்வாய்க்கு

பஞ்சு விலை ஏறியதால் லாபம் அடைந்த தேசங்கள் உண்டு. நம் பம்பாயில் பணம் கொட்டியது. 1865-ல் யுத்தம் முடிந்ததும் விலை விழுந்தது, பாங்கிகள் சரிந்தன. தக்காணத்தில் பருத்தி போட்டுக் கடன்பட்ட விவசாயிகள், பத்தாண்டு கழித்து 1875-ல் பூனா, அகமத்நகர் ஜில்லாக்களில் லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினார்கள். அதைத் தனியே எழுத வேண்டும். இங்கே எகிப்தைப் பார்ப்போம்.

எகிப்தின் அதிபதி இஸ்மாயில், பஞ்சு விலை என்றைக்கும் இப்படியே நிற்கும் என்று நம்பி ஐரோப்பிய பாங்கிகளில் கடன் வாங்கினார். ரயில் போட்டார், அரண்மனை கட்டினார், சூயஸ் கால்வாய்க்கும் கொட்டிக் கொடுத்தார். கால்வாயைத் தொடக்கத்தில் தோண்டியவர்கள் கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்ட எகிப்திய உழவர்கள். 1869 நவம்பரில் கால்வாய் திறக்கப்பட்டது. பஞ்சு விலை அதற்கு முன்பே விழுந்துவிட்டது; கடன் மட்டும் வட்டியோடு நின்றது. 1875-ல் இஸ்மாயில் தன் கால்வாய்ப் பங்குகள் 1,76,602-ஐயும் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் சர்க்காரிடம் விற்றார். அந்தப் பணத்தை சர்க்காருக்குக் கடனாகக் கொடுத்தவர்கள் ராத்ஸ்சைல்டு பாங்கிக்காரர்கள். பங்கை விற்றும் கடன் தீரவில்லை. 1876-ல் எகிப்தின் வரவு செலவையே ஐரோப்பியக் கடன்காரர்கள் கைப்பற்றினார்கள். உழவன் கட்டிய வரி முதலில் வட்டிக்குப் போனது. மிச்சம் இருந்தால் நாட்டுக்கு.

பொறுக்க முடியாத எகிப்தியர்கள் உராபி என்ற ராணுவத் தளபதியின் தலைமையில் எழுந்தார்கள். 1882 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை அலெக்சாண்டிரியா நகரைக் குண்டு வீசித் தகர்த்தது. செப்டம்பரில் பட்டாளம் எகிப்தைப் பிடித்தது. அந்தப் பட்டாளத்தில் நம் இந்திய சிப்பாய்களும் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக, கால்வாயின் பாதுகாப்புக்காக, பிரிட்டனின் தேச நலனுக்காக என்று பார்லிமெண்டில் பேசினார்கள். அப்போது பிரதம மந்திரி யார்? அதே கிளாட்ஸ்டன்தான். யுத்தத்துக்கு முந்திய வருஷக் கடைசியில், அவருடைய சொந்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிப்துக் கடன் பத்திரங்களாக இருந்தது. அவருடைய நாட்குறிப்புகளைப் பதிப்பித்த சரித்திராசிரியரே கணக்குப் போட்டு எழுதிவைத்த செய்தி இது. நாம் கட்டியது அல்ல. அந்த ஒரு பெட்டிக்காகவே யுத்தம் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அவரைப் போன்ற பத்திரக்காரர்கள் லண்டனிலும் பாரிசிலும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மூலதனம் வெளிநாட்டுக்குப் போகிறது. அதைக் காக்கப் பின்னாலேயே பீரங்கி போகிறது. இதைத்தான் 1916-ல் லெனின் ஏகாதிபத்தியம் பற்றிய தன் நூலில் விளக்கினார்.

74 வருஷம் கழித்து, 1956 ஜூலை 26-ல், எகிப்தின் ஜனாதிபதி நாசர் கால்வாய்க் கம்பெனியைத் தேசிய உடைமை ஆக்கினார். அஸ்வான் அணை கட்டக் கடன் கொடுப்பதாகச் சொன்ன அமெரிக்கா, ஒரு வாரத்துக்கு முன் கையை விரித்திருந்தது. பிறகு நடந்ததைப் பாடமாகவே படிக்கலாம். அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிசுக்கு வெளியே செவ்ரே என்ற இடத்தில் ஒரு வீட்டில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றின் பிரதிநிதிகளும் ரகசியமாகக் கூடினார்கள். இஸ்ரேல் எகிப்தைத் தாக்க வேண்டியது. உடனே பிரிட்டனும் பிரான்சும் சண்டையை விலக்கும் மத்தியஸ்தர்கள் போல் வந்து கால்வாயைப் பிடிக்க வேண்டியது! இதுதான் ஒப்பந்தம். கையெழுத்தும் போட்டார்கள். பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஈடன் தன் பக்கத்துப் பிரதியை அழிக்கச் சொன்னார். இஸ்ரேல் தன் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததால் பின்னால் உலகம் அறிந்தது. இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று டிசம்பர் 20-ல் ஈடன் பார்லிமெண்டில் சொன்னார். நிபுணர்களிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லும் கனவான்களே, அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் உங்கள் நிபுணர்கள்!

ஐக்கிய நாடுகள் சபை என்றால் என்ன என்பதும் அந்த நாட்களில் தெளிவாகத் தெரிந்தது. பாதுகாப்பு சபையில் ஐந்து பெரிய நாடுகளுக்கு வீட்டோ என்ற ரத்து அதிகாரம் உண்டு. அக்டோபர் 30-ல் தங்களைக் கட்டுப்படுத்த வந்த தீர்மானத்தைப் பிரிட்டனும் பிரான்சும் அதைக் கொண்டே ரத்துச் செய்தன. விவகாரம் எல்லா நாடுகளும் உள்ள பொதுச் சபைக்குப் போனது. அங்கே வீட்டோ கிடையாது. சண்டையை நிறுத்து என்று 64 நாடுகள். எதிர்த்து 5 நாடுகள். பெரிய சபையில் நியாயம் வென்றது. ஆனால் அதனிடம் பட்டாளம் இல்லை.

அப்படியானால் யுத்தம் நின்றது எப்படி? லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நவம்பர் 4-ல் பெருங்கூட்டம் கூடியது உண்மை. எகிப்தியர்கள் கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்ததும், சிரியாவில் எண்ணெய்க் குழாயை உடைத்ததும், மாஸ்கோ எச்சரித்ததும் உண்மை. ஆனால் மிகப் பெரிய அடி வாஷிங்டனிலிருந்து விழுந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. பவுன் நாணயத்தின் மதிப்பு ஆட்டம் கண்டது. சர்வதேச நிதி நிறுவனத்தில் கடன் வேண்டுமானால் முதலில் துப்பாக்கியைக் கீழே வை என்றது அமெரிக்கா. எகிப்தின் மேல் இருந்த அன்பினால் அல்ல. பழைய எஜமானன் வெளியேறிய வீட்டில் தான் குடியேறுவதற்கு. கடன் பத்திரம் காட்டி எகிப்தைப் பிடித்த பிரிட்டன், கடன் கிடைக்காமல் எகிப்தை விட்டு வெளியேறியது. இந்த இடத்தில் யதார்த்தவாதியின் பலக் கணக்கு நமக்கும் உதவுகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

நம் பக்கத்துப் பிழைகள்

இதுவரை அடுத்தவர் முதுகையே பார்த்தோம். டிரபால்கர் சதுக்கத்தில் கூட்டம் நடந்த அதே நவம்பர் 4-ல்தான் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. உலகெங்கும் நம்மவர்களில் பலர் சூயஸைப் பற்றி உரக்கப் பேசினார்கள். புடாபெஸ்ட்டைப் பற்றி மெல்லப் பேசினார்கள், அல்லது எதிரிப் பிரசாரம் என்று ஒதுக்கினார்கள். கண்காணிக்க வேண்டும் என்று 1864-ல் சொன்னது முதலாளித்துவ சர்க்கார்களை மட்டும் அல்லவே?

செங்கொடி பறக்கும் இரண்டு நாடுகளுக்கிடையே எல்லை யுத்தம் வராது என்று நாம் வகுப்பெடுத்த காலம் உண்டு. 1969-ல் உசூரி ஆற்றுத் தீவில் சோவியத் சிப்பாயும் சீனச் சிப்பாயும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1979 பிப்ரவரியில் சீனப் பட்டாளம் வியட்நாமுக்குள் புகுந்தது. நாங்கள் அப்போதே சொன்னோமே என்று யதார்த்தவாதிகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது. எல்லை, பட்டாளம், பக்கத்து வீட்டான் மேல் பயம், இவற்றுக்கெல்லாம் சொந்தமாக ஓர் ஓட்டம் உண்டு. வர்க்கம் ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. நாடு முழுவதும் ஒரே வயிறு என்பவர் ஒரு பாதியை விடுகிறார். நாடு என்று ஒன்று இல்லவே இல்லை என்பவர் மறு பாதியை விடுகிறார்.

1914-ம் வருஷத்தையும் சொல்லியாக வேண்டும். யுத்தம் வந்தால் உலகத் தொழிலாளர்கள் தடுப்பார்கள் என்று மாநாடு மாநாடாகத் தீர்மானம் போட்ட கட்சிகளில் மிகப் பெரியது ஜெர்மன் சோஷல் டெமாக்ரட்டிக் கட்சி. ஆகஸ்ட் 4-ல் அதுவே பார்லிமெண்டில் யுத்தச் செலவுக்குக் கை தூக்கியது. தேச நலன் என்றார்கள். டிசம்பர் 2-ல் இரண்டாவது முறை பணம் கேட்டபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர் கார்ல் லீப்னெக்ட் ஒருவர்தான். ஒரு பார்லிமெண்ட் முழுவதிலும் ஒருவர்!

திருப்பூர், 2025

பின்வரிசைத் தோழர் பொறுமை இழந்திருப்பார். போனஸுக்கு வருவோம்.

2025 ஆகஸ்ட் 27 முதல், இந்தியாவிலிருந்து போகும் பெரும்பாலான சரக்குகளுக்கு அமெரிக்க சர்க்கார் 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று அறிவித்தார்கள். உக்ரெயினில் நடக்கும் யுத்தத்துக்கும் திருப்பூரில் பனியன் தைக்கிற பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது. ஆர்டர்கள் நின்றன. ஷிப்டு குறைந்தது. சில இடங்களில், நாட்டுக்குச் சோதனை, எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று போனஸ் பேச்சிலேயே சொன்னார்கள். மலிவாக வந்த எண்ணெயின் லாபம் யார் பெட்டிக்குப் போனது, பெட்ரோல் பங்கில் எத்தனை காசு குறைந்தது என்று அந்த மேஜையில் ஒருவரும் பேசவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 19 முதல், வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நம் சர்க்கார் ரத்துச் செய்தது. முதலில் செப்டம்பர் முடிய என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஆலை முதலாளிகள் நீண்ட நாளாகக் கேட்டுவந்தது இது. பஞ்சு மலிந்தால் ஆலை ஓடும், வேலை நிலைக்கும், இது தேச நலன் என்றார்கள். புதுப் பருத்தி சந்தைக்கு வருகிற அக்டோபரில் விலை விழுந்தால் எங்கள் கதி என்ன, எங்களைக் காப்பதுதான் தேச நலன் என்றன விவசாயிகள் சங்கங்கள். ஒரே சொல், இரண்டு வயிறு. பருத்திக் காட்டில் முந்தானையில் பஞ்சு எடுக்கும் கூலிப் பெண் ஒரு பக்கம், அதை நூலாக்கும் தொழிலாளி இன்னொரு பக்கம் என்று நம்மையே எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள். ரத்தான வரியில் ஒரு பைசாவாவது கூலிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை அந்த உத்தரவில் இல்லை. பருத்தி விலை விழுந்தால் யார் ஈடு கட்டுவது என்பதும் அதில் இல்லை.

இன்னொரு வித்தையும் அப்போது நடந்தது. பங்களாதேசத்துக்கு 20 சதவீத வரிதான், ஆர்டர் அங்கே போகிறது, டாக்காக்காரி உன் சோற்றைப் பறிக்கிறாள் என்று நம் காதில் ஓதினார்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்களே, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த டாக்காக்காரிகள்தான். அவளிடமும் நம்மிடமும் சட்டை வாங்குகிற கம்பெனிகளில் பல ஒன்றேதான். அங்கே போய்த் திருப்பூரைக் காட்டி விலையைக் குறைக்கிறது. இங்கே வந்து டாக்காவைக் காட்டிக் குறைக்கிறது. மான்செஸ்டர் மண்டபத்தில் கூடியவர்கள் தங்கள் வேலையைப் பறித்தவன் அடிமையா, அடிமையின் எஜமானனா என்று கேட்டுப் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினார்கள்.

அடுத்த வகுப்பில் இந்த ஆகஸ்ட் மாதச் செய்திகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறோம். பழைய பத்திரிகைகளை வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும். “இந்தியா”, “அமெரிக்கா” என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு, அங்கே உண்மையில் எந்த ஆட்களின் பெயரைப் போட வேண்டும் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். சில இடங்களில் கை நிற்கும். அந்த இடங்களைத்தான் முதலில் எடுத்துக்கொள்வோம். பருத்தி எடுக்கும் தோழர்கள் இரண்டு பேராவது வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரவு ஷிப்டுக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே வகுப்பு இன்னொரு முறை நடக்கும்.